கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாய்க்குத் தைரியம் எப்படி வரும்?

கேள்வி இதுதான்: காப்பகத்திலிருந்து எடுத்துவந்து ஐந்து மாதமான, இரண்டு வயதுப் பெண் நாய். வீட்டு ஆட்களிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் காலிங்பெல் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது, தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு நகர மறுக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த மாமா "வா, நான் ஒன்றும் செய்யமாட்டேன்" என்று கட்டிலடியில் கையை விட்டு இழுக்கப் போக, உறுமிவிட்டது. இப்போது வீட்டில் எல்லோரும், நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய், யார் எஜமான் என்று ஒரு தடவை காட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். இதற்குத் தைரியம் வருமா, வந்தால் எப்படி, எத்தனை நாளாகும்?

வரும். பயந்த நாய்களோடு பல வருடம் தரையில் உட்கார்ந்து பழகியிருக்கிறேன், அதனால் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் சொல்கிற வழியில் வராது.

அந்த உறுமலில் இருந்தே தொடங்குகிறேன். எல்லோரும் அதைக் குற்றமாகப் பார்க்கிறார்கள், எனக்கோ அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. உறுமுகிற நாய் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. "இதற்கு மேல் வராதீர்கள், எனக்குப் பின்னால் போக இடமில்லை" என்று சொல்லியிருக்கிறது, கடிக்கவில்லை. அதுகூடக் கடைசியாகச் சொன்னதுதான், அதற்கு முன்னால் நாலைந்து தடவை மெதுவாகச் சொல்லியிருக்கும். மாமா குனிந்தவுடன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கும். நாக்கை நீட்டி மூக்கை ஒருமுறை சட்டென்று நக்கியிருக்கும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விட்டிருக்கும். காது பின்னால் ஒட்டியிருக்கும், தலை ஒரு பக்கமும் பார்வை இன்னொரு பக்கமுமாக, கண்ணோரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிந்திருக்கும். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கல்லாகியிருக்கும். இந்தக் கடைசி நொடியைத்தான் பலபேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "பார், அமைதியாகிவிட்டது" என்று நினைத்துக் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே விடுவதும் அப்போதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நாய் தன் படுக்கைப் பக்கம் குழந்தை வந்தாலே உறுமும். உறுமும்போதெல்லாம் சுருட்டிய பேப்பரால் ஓர் அடி. இரண்டு மாதத்தில் உறுமல் நின்றது, வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஒருநாள் சாயங்காலம் அந்தக் குழந்தையின் மணிக்கட்டில் நாலு பல் பதிந்தது. "எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது" என்று சொன்னார்கள். எச்சரிக்கை இருந்தது, அதை அடித்து நிறுத்தியது அவர்கள்தான். குழந்தை கிட்டே வந்தால் ஏற்படும் பயம் குறையவே இல்லை, கூடவே அடியும் வரும் என்று நாய் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். அதனால் உங்கள் நாய் உறுமினால் திட்டாதீர்கள். செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள், மெதுவாக விலகுங்கள். அது எதைப் பார்த்து உறுமியது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

"யார் எஜமான்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், சிலர் மனம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், கூண்டில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை ஒன்றையொன்று அடக்கித் தலைமைக்கு மோதுகின்றன என்று எழுதினார். டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளரின் 1970-ம் வருடப் புத்தகம் அந்தக் கருத்தை உலகம் பூராவும் கொண்டுபோனது. பிறகு அதே மெக், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல வருடம் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம், அங்கே தலைமைக்குப் போட்டி என்ற பேச்சே பொருந்தாது என்று 1999-ல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை மேற்கொண்டு அச்சிடவேண்டாம் என்று பதிப்பாளரிடமும் கேட்டுக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாததைக் கட்டிலடியில் நடுங்கும் நாய்க்குப் பொருத்துகிறோம். 2009-ல் அமெரிக்காவில் 140 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்ட ஒரு ஆய்வில், அடிப்பது, உதைப்பது, மல்லாக்கப் புரட்டி அழுத்துவது, முறைத்துப் பார்ப்பது போன்றவற்றுக்குக் கணிசமான நாய்கள் சீறியோ கடித்தோ பதில் சொல்லியிருந்தன. பயந்த நாயிடம் பலத்தைக் காட்டினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும், அது இயல்பு.

நாய்களை நாம் தப்பாகப் படிப்பதற்கு இன்னொரு உதாரணம் "தப்புப் பண்ணிய முகம்". நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லிவைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இல்லை. எஜமானர் திட்டினால் முகம் அப்படி ஆனது, ஒன்றுமே செய்யாத நாய்க்கும் அப்படித்தான் ஆனது. நாம் குற்ற உணர்ச்சி என்று நினைப்பது, "கோபமாக இருக்கிறீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதுதான். வாலாட்டலும் அப்படியே, வால் ஆடினாலே சந்தோஷம் என்று கிடையாது. உடம்பு விறைத்து, வால் மட்டும் உயரத் தூக்கி விறுவிறுவென்று ஆடினால் கிட்டே போகாதீர்கள்.

சரி, தைரியம். தைரியம் என்றால் பயமுறுத்துவதைப் பொறுத்துக்கொள்வது என்று நினைத்துத்தான் பலபேர் நாயைக் கூட்டத்துக்குள் இழுத்துப் போகிறார்கள், "பழகிவிடும்" என்று. சில வருடம் நானும் ஓரளவு அப்படித்தான் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய ஆய்வும், அதன் மறுவாசிப்பும். உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் 1967-ல் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனை அது, படிக்கவே வயிற்றைப் பிசையும். ஒரு பகுதி நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். இன்னொரு பகுதிக்கு என்ன செய்தாலும் நிற்காது. பிறகு தாண்டிக் குதித்தாலே தப்பிக்கலாம் என்ற இடத்தில் எல்லாவற்றையும் விட்டபோது, முதல் பகுதி குதித்துத் தப்பியது, இரண்டாவதில் பெரும்பாலானவை முயற்சிகூடச் செய்யாமல் படுத்துக்கிடந்தன. கையாலாகாத தன்மையை அவை "கற்றுக்கொண்டன" என்று அப்போது சொன்னார்கள். ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், எலி மூளையில் செய்த ஆய்வுகளையெல்லாம் வைத்துக்கொண்டு அதே இருவரும் தங்கள் முடிவைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ஓயாத துன்பத்தில் அடங்கிக் கிடப்பது யாரும் கற்றுக்கொள்வதல்ல, உயிரின் இயல்பே அதுதான். கற்றுக்கொள்ளப்படுவது மறுபக்கம்: "நான் ஒன்று செய்தால் ஏதோ மாறுகிறது" என்பது.

எனக்கு இதற்குமேல் தெளிவான வழிகாட்டி வேறு கிடைக்கவில்லை. நாயின் தைரியம் என்று நான் சொல்வது அந்த அறிவைத்தான். நான் முகத்தைத் திருப்பினால் அந்த ஆள் நிற்கிறார், நான் பின்னால் போனால் யாரும் தடுப்பதில்லை, நான் முன்னால் போனால் நல்லது நடக்கிறது. ஒரு நாளில் ஐம்பது தடவை இது நடந்தால் நாய் மாறும். வண்டிச் சத்தத்தில் தரையோடு ஒட்டிக்கொள்ளும் உங்கள் நாய்க்கு அந்த அறிவு இன்னும் வரவில்லை. கயிற்றை இழுத்து நடக்கவைத்தால், அது வராமலே போகும்படி செய்கிறோம்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை. நடத்தைப் பிரச்சினைக்காக நிபுணர்களிடம் வரும் நாய்களில், குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்கு எங்கேயோ வலி இருக்கிறது என்று 2020-ல் டேனியல் மில்ஸ் குழுவினர் எழுதினார்கள். இடுப்பு மூட்டு, பல், காது, வயிறு, எதுவாகவும் இருக்கலாம். வலியோடு இருக்கும் நாயைத் தொட வருகிறவர் எல்லோரும் அதற்கு ஆபத்துதான். சத்தத்துக்குப் பயப்படும் நாய்களிலும் இப்படி உண்டு, சத்தத்தில் திடுக்கிட்டு உடம்பு விறைக்கும்போது வலிக்கிறது, சத்தம்தான் வலிக்குக் காரணம் என்று நாய் முடிவு செய்துவிடுகிறது.

இன்னொன்று, "இதை யாரோ அடித்திருக்கிறார்கள்" என்று நாமே ஒரு கதை கட்டிக்கொள்ளவேண்டாம். இருக்கலாம். ஆனால் பல பயந்த நாய்களை யாருமே அடித்ததில்லை, குட்டியில் அவை எதையும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட நீண்டகால ஆராய்ச்சியிலிருந்து நமக்குத் தெரிவது, ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை குட்டியின் மூளை புதிய ஆட்கள், சத்தங்கள், தரைகள் எல்லாவற்றையும் "இது சாதாரணம்" என்று எளிதாக எடுத்துக்கொள்ளும் காலம். அது நாலு சுவருக்குள் போயிருந்தால் பிறகு எல்லாமே புதிது, எல்லாமே சந்தேகம். பரம்பரையும் சேரும். அந்தக் காலம் போனது போனதுதான், பிறகும் கற்றுக்கொள்ள முடியும், ஆனால் மெதுவாக, சின்னச் சின்னத் துண்டுகளாக.

இன்று சாயங்காலமே செய்யக்கூடியது, அந்தக் கட்டிலடியை அதற்கு எழுதிக் கொடுத்துவிடுவது. அங்கே ஒரு மெத்தை போடுங்கள், தண்ணீர் கிட்டே இருக்கட்டும். அது உள்ளே இருக்கும்போது யாரும் குனியக்கூடாது, கூப்பிடக்கூடாது, கையை விடக்கூடாது, குழந்தைகளுக்கு இது கண்டிப்பான சட்டம். ஒளிய இடம் கொடுத்தால் ஒளிந்துகொண்டே இருக்குமே என்று எல்லோரும் கேட்பார்கள். என் அனுபவத்தில் நேர்மாறு, எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்று நிச்சயமான பிறகுதான் மூக்கு வெளியே வருகிறது. முதல் சில வாரம் விருந்தாளிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெளி நடையையும் வண்டி ஓடாத நேரத்துக்கு மாற்றுங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் உடம்பை அழுத்தாத ஹார்னஸ், நீளமான கயிறு. சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

இனி சத்தம். இங்கே வேலை செய்வது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நூறு வருடத்துக்கு முன்னால் காட்டியதுதான்: ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று வந்துகொண்டே இருந்தால், முதலாவதைக் கேட்டதுமே உடம்பு இரண்டாவதற்குத் தயாராகிவிடும். பயத்தைக் குறைக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார். முயலைக் கண்டால் அலறும் ஒரு சின்னப் பையன், பிடித்ததைச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாள்பட நாள்படக் கிட்டே கொண்டுவந்தார், கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். நாய்க்கும் அதேதான் செய்கிறோம், ஆனால் மூன்று விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் தூரம். வண்டி காதில் விழவேண்டும், ஆனால் நாயால் தின்ன முடியவேண்டும். தரையோடு ஒட்டிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், அங்கே எதுவும் கற்றுக்கொள்ளாது, திரும்பிவிடுங்கள். எவ்வளவு தூரம் என்று என்னால் மீட்டரில் சொல்ல முடியாது, உங்கள் விரலுக்குத் தெரியும். எப்போதும் உதட்டால் மெதுவாக எடுத்துக்கொள்ளும் நாய், பல் படும்படி வெடுக்கென்று பிடுங்கினால் தூரம் போதவில்லை. தீனியை வாயில் வாங்கிக் கீழே போட்டால் சுத்தமாகப் போதவில்லை. இரண்டாவது, வரிசை. வண்டிச் சத்தம் முதலில், தீனி பிறகு. நாம் பதற்றத்தில் வண்டியைப் பார்த்ததும் அவசரமாகத் தீனியை மூக்கில் நீட்டுவோம், அப்புறம் நாய் சத்தத்தைக் கேட்கும். இப்படி நாலு நாள் நடந்தால், தீனி வந்தாலே ஏதோ வரப்போகிறது என்று தீனிக்கே பயப்பட ஆரம்பிக்கும். சத்தம் வரட்டும், காது அந்தப் பக்கம் திரும்பட்டும், ஒரு நொடி விட்டு, வேகவைத்த கோழி மாதிரி அது வேறு எப்போதும் பார்க்காத நல்ல தீனி, துண்டு துண்டாக. சத்தம் நின்றால் தீனியும் நிற்கவேண்டும். மூன்றாவது, பதிலுக்கு ஒன்றும் கேட்காதீர்கள். உட்கார், என்னைப் பார், எதுவும் வேண்டாம். வண்டி வந்தது, கோழி வந்தது.

பல நாள் ஒன்றுமே மாறாத மாதிரி இருக்கும். அப்புறம் ஒருநாள் தூரத்தில் ஒரு வண்டி உறுமும், நாயின் காது அந்தப் பக்கம் போகும், உடனே தலை உங்கள் பக்கம் திரும்பும், வாய் லேசாகத் திறந்து, "எங்கே?" என்பது போல. அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் நாலு அடி முன்னால் போகவேண்டும், அதற்கு முன்னால் அல்ல.

பயந்திருக்கும்போது தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். வளராது. பயம் என்பது நாய் யோசித்துச் செய்கிற செயல் அல்ல, பரிசு கிடைத்ததென்று திரும்பச் செய்வதற்கு. உங்கள் மடிக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், விலகிப் போனால் விட்டுவிடுங்கள். பட்டாசுச் சத்தத்துக்குப் பயப்படும் நாய்களைப் பற்றி ஸ்டெஃபானி ரீமர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 1,225 பேர் பதில் சொன்னார்கள். சத்தம் வரும்போதெல்லாம் தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் பத்தில் ஏழு பேர், அது பலன் தந்தது என்றார்கள்.

அடுத்து விருந்தாளிகள். இதில் நான் செய்த தப்பைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதே தப்பை நல்ல மனசோடு எல்லோரும் செய்கிறார்கள். என்னிடம் சிட்டு என்று ஒரு நாய் இருந்தாள், கட்டிலடி நாய்தான். வீட்டுக்கு வந்த நண்பரின் கையில் கோழித் துண்டைக் கொடுத்து, "நீட்டுங்கள், வருவாள்" என்றேன். வந்தாள். பின்னங்கால் இரண்டும் பின்னாலேயே ஊன்றியிருக்க, உடம்பை ரப்பர் மாதிரி நீட்டி, கழுத்தை மட்டும் முன்னால் கொண்டுவந்து எடுத்தாள். நான் சந்தோஷப்பட்டேன். ஐந்தாவது துண்டைத் தின்று முடித்து நிமிர்ந்தவள், அந்நியரின் முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்பதை அப்போதுதான் உணர்ந்தாள். நண்பர் புன்னகையோடு தலையைத் தடவக் கையைத் தூக்கினார். சட்டென்று காற்றில் கடித்துவிட்டு ஓடினாள். பல் படவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் குரல் கேட்டாலே உள்ளே போய்விடுவாள். தவறு முழுக்க என்னுடையது. அவள் மனசு எவ்வளவு தூரத்தில் இருக்க விரும்பியதோ, அதைவிடக் கிட்டே தீனியைக் காட்டி இழுத்துவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்வது, விருந்தாளி நாயைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, தீனியை நாயைத் தாண்டிப் பின்னால் விழும்படி வீசவேண்டும். நாய் திரும்பி, விலகிப் போய் அதைத் தின்னும். இனி திரும்பி வருவதா வேண்டாமா என்பது அதன் முடிவு. வந்தால், மறுபடியும் பின்னால் ஒன்று. வர வர விலகலும் பரிசு, வருகையும் பரிசு. சிட்டு அந்த மாதிரி ஏழெட்டு தடவை போய் வந்த பிறகு, பின்னங்கால்கள் உடம்புக்கு நேர் கீழே வந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது அந்தக் கால்கள்தான். முகத்தைப் பார்க்காதீர்கள், பின்னங்காலைப் பாருங்கள், உண்மையை அங்கேதான் சொல்லும்.

தடவுவதற்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. நாயாக வந்து உரசினால் மார்பிலோ கழுத்தோரத்திலோ மூன்று நொடி தடவி, கையை எடுத்துவிடுங்கள். திரும்பவும் கையை முட்டினால் இன்னும் மூன்று நொடி. முகத்தைத் திருப்பினால், உதறிக்கொண்டால், போதும் என்கிறது.

பயிற்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி விளையாட்டுதான், தைரியம் கண்ணுக்கு முன்னால் முளைப்பதை அங்கேதான் பார்க்கலாம். மோப்ப விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். தினச் சாப்பாட்டில் ஒரு பிடியைப் புல்லில் தூவிவிடுவது, பழைய துண்டுக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுப்பது, அறையில் மூன்று இடத்தில் ஒளித்து வைப்பது. ஷார்லட் டூரான்டன், ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-ல் செய்த ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப வேலை செய்த நாய்கள், உள்ளே தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை நோக்கி முன்பைவிடச் சீக்கிரம் போயின. காலோடு ஒட்டி நடக்கப் பழக்கிய நாய்களில் அந்த மாற்றம் இல்லை. மோப்பத்தில் தலைமை நாய்க்குத்தான், எங்கே போவது என்பதை மூக்கு முடிவு செய்கிறது, நாம் பின்னால் போகிறோம்.

அப்புறம் பெட்டி. ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். பார்த்தால் ஒரு தீனி, கிட்டே போனால் ஒரு தீனி, மூக்கால் தொட்டால், காலை வைத்தால். கூப்பிடக்கூடாது, காட்டிக்கொடுக்கக்கூடாது. சிட்டுக்குத் தட்டு விழும் சத்தம் ஆகவே ஆகாது, கரகரவென்று எது தேய்ந்தாலும் ஆகாது. நாலாவது நாள் பெட்டிக்குள் ஒரு முன்னங்காலை வைத்தாள். பெட்டி நகர்ந்து தரையில் சர்ரென்று தேய்ந்தது. இரண்டடி பின்னால் துள்ளினாள். நான் அசையவில்லை, மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் தானாகப் போய் அதே காலை வைத்து, வேண்டுமென்றே ஒரு தள்ளு தள்ளினாள். சர்ர். காது ரெண்டும் முன்னால் வந்தது. இன்னொரு தள்ளு. அந்தச் சத்தம் அவள் செய்த சத்தமாகிவிட்டது. நான் தீனி கொடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் பெட்டியில் காலி டப்பாக்களைப் போட்டேன், ஒவ்வொன்றாகக் கூட்டினேன், கடைசியில் தகர டப்பாக்களை உருட்டித் தள்ளி அடியில் இருக்கும் தீனியை எடுக்கிற அளவுக்கு வந்தாள். சமையலறையில் தட்டு விழுந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள்.

நேரம் குறைவாகவே போதும், ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. நாய் போதும் என்று போனால் முடிந்தது.

சரி செய்து தருகிறேன் என்று இரண்டே வகுப்பில் "அமைதியான நாயை" காட்டும் டிரெய்னர்களிடம் கவனமாக இருங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலி, முள்பட்டை, ஷாக் காலர் கையில் எடுத்தால் கிளம்பிவிடுங்கள். போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், தண்டனை அதிகம் உள்ள பள்ளிகளில் பயின்ற நாய்கள் பயிற்சியின்போது அதிகம் பதற்றம் காட்டின, எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியது, பயிற்சிக்கு வெளியே செய்த சோதனையிலும் கெட்டதையே எதிர்பார்த்தன. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021-ல், எல்லா நாய்க்கும் பரிசு சார்ந்த பயிற்சியே போதும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அசையாமல் இருக்கிற நாயெல்லாம் அமைதியான நாய் இல்லை. அந்த 1967 சோதனையில் படுத்துக்கிடந்தவையும் அசையாமல்தான் இருந்தன.

எத்தனை நாள் என்றால், வாரக்கணக்கில் சின்ன மாற்றம் தெரியும், பெரிய மாற்றம் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேல். நேர்க்கோட்டில் போகாது. காலையில் மருத்துவமனை, மத்தியானம் காலிங்பெல், சாயங்காலம் இடி என்று ஒரே நாளில் மூன்று சேர்ந்தால், அடுத்த நாள் பழைய நாயாகிவிட்டதோ என்று தோன்றும். ஆகவில்லை, பாத்திரம் நிரம்பிவிட்டது, இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் தூங்கவிடுங்கள். எவ்வளவு தூரத்திலும் தின்னமாட்டேன் என்கிறது, இரவில் தூக்கமில்லை, வீட்டுக்குள்ளேயே நடுங்குகிறது என்றால் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம், நாயை மயக்கிப்போடுவதல்ல அவற்றின் வேலை, கற்றுக்கொள்ள மூளையில் இடம் உண்டாக்குவது. தயவுசெய்து இதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். மூச்சு வாங்கவும் தீனி வாங்கவும் இடமுள்ள கூடை மாதிரி மஸிலையும் (கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் கவசம்) தீனி வைத்து மெதுவாகப் பழக்கி வையுங்கள், அவசரத்தில் எல்லோருக்கும் பாதுகாப்பு.

அடுத்த தடவை மாமா வருவதற்கு முன்னால் போன் செய்யச் சொல்லுங்கள், காலிங்பெல் வேண்டாம். நாயை முன்கூட்டியே உள்ளறையில் மெத்தையும் மெல்ல ஏதாவதுமாக விட்டுவிடுங்கள். அவர் வந்து உட்கார்ந்து பேச்சு சகஜமான பிறகு கதவைத் திறந்து வையுங்கள், கூப்பிடாதீர்கள். வராமல் போனால் அன்றைக்கு அவ்வளவுதான், அதுவும் நல்ல நாள்தான். வந்தால் மாமா பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, பின்னால் விழும்படி தீனி வீசட்டும். இதில் எல்லோரும் மறந்துபோவது ஒன்று: உட்கார்ந்திருந்த ஆளோடு ஒரு மணிநேரம் சமாதானமாக இருந்த நாய், அவர் கிளம்ப எழுந்து நின்றதும் கலவரமாகிவிடும், அதற்கு அவர் வேறு ஆள் மாதிரி. அதனால் எழுவதற்கு முன் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிடி தீனியை அறையின் அந்தக் கோடியில் இறைத்துவிடுங்கள், அது முகர்ந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மாமா மெதுவாக எழுந்து, வாசல் பக்கம் போகட்டும்.